சினம் யாரைச் சேரும்?

மனிதன் தன் உழைப்பை எளிதாக்கிக்கொள்ளவே கருவிகளைப் படைத்தான். ஏர், செக்கு, தறி, தையல் இயந்திரம் என ஒவ்வொன்றும் அவனது கைக்கு வலிமை சேர்த்தது. இன்று அவன் கையை விட்டு நீங்காத கருவி கைப்பேசி. வங்கி, தபால், கடிகாரம், செய்தித்தாள், பயணச்சீட்டு, குடும்பப் புகைப்படங்கள் அனைத்தும் அதனுள் அடக்கம். ஒரே நாளில் பலமுறை நம்மைச் சினம் கொள்ளச் செய்யும் கருவியும் அதுவே.

அவசரமாகப் பணம் செலுத்த முனைகையில் திரையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கிறது. வரவேண்டிய ஓ.டி.பி. எண், அதற்குரிய நேரம் கடந்த பிறகு வந்து சேர்கிறது. இரவில் இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. விடிந்து பார்த்தால் பழகிய பொத்தான் பழகிய இடத்தில் இல்லை. நேற்று வரை திறந்த செயலி இன்று கடவுச்சொல்லைக் கேட்கிறது. அதுவோ நினைவில் இல்லை.

இவை அற்பமான தொல்லைகள்தாமே, இவற்றில் ஆராய என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். பெருந்துன்பம் வரும்போது மனிதன் தன் மன வலிமையைத் திரட்டிக்கொள்கிறான். சுற்றத்தாரும் துணை நிற்கிறார்கள். சிறு தொல்லை வரும்போது நாம் விழிப்புடன் இருப்பதில்லை. ஆகவே நம் மனத்தின் உண்மையான பழக்கம் எது என்பதைச் சிறு தொல்லைகளே காட்டிக்கொடுக்கின்றன. இந்தச் சிறிய சினம் எங்கே பிறக்கிறது, யாரைச் சென்று சேர்கிறது என்பது நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

குற்றவாளி எங்கே?

காய்கறிக் கடையில் நாற்பது ரூபாய் செலுத்துவதை எண்ணிப் பாருங்கள். 2016ஆம் ஆண்டு அறிமுகமான யு.பி.ஐ. முறையில், நமது செயலி விடுக்கும் கோரிக்கை ஒரு வங்கியின் வழியாகத் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தை அடைகிறது. அங்கிருந்து நம் கணக்கு உள்ள வங்கிக்குச் சென்று பணத்தைக் கழிக்கிறது. பின்னர் கடைக்காரரின் வங்கிக்குச் சென்று வரவு வைக்கிறது. இறுதியில் 'செலுத்தப்பட்டது' என்ற செய்தியுடன் திரும்புகிறது. இவற்றுக்கிடையே நெட்வொர்க், இயங்குதளம், செயலி ஆகிய மூன்றும் பிழையின்றி இயங்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஏதேனும் ஒரு கண்ணி தாமதித்தாலும் சக்கரம் சுழலும்.

நம் கண்ணுக்கு இந்தக் கண்ணிகள் தெரிவதில்லை. எதிரே நிற்கும் கடைக்காரர் மட்டுமே தெரிகிறார். "உங்களுக்கு எப்போதும் இதே தொல்லைதான்" என்று அவர்மீது பாய்கிறோம். அவரோ நம்மைப் போலவே ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பவர். காரணத்தை அறியாத சினம், அருகில் இருப்பவரையே காரணமாக்கிக்கொள்கிறது.

ஓயாத விசாரிப்பு

2025 ஏப்ரல் 12ஆம் நாள் இந்தியா முழுவதும் யு.பி.ஐ. சேவை சில மணி நேரம் தடுமாறியது. எதனால் என்று பின்னர் ஆராய்ந்தபோது வெளிப்பட்ட காரணம் சிந்தனைக்குரியது. 'இந்தப் பரிமாற்றம் முடிந்ததா?' என்று நிலையை விசாரிக்கும் கோரிக்கைகளைச் சில வங்கிகளின் கணினிகள் அளவின்றி அனுப்பிக்கொண்டிருந்தன. பழைய பரிமாற்றங்களைப் பற்றியும் மீண்டும் மீண்டும் விசாரித்தன. அந்த விசாரிப்பின் பளுவே பணம் செல்லும் வழியை அடைத்துவிட்டது.

இது கணினிகள் செய்த காரியம். ஆனால் மனித மனமும் இதையே செய்கிறது. பணம் போயிற்றா என்று அறியப் பொத்தானைப் பத்து முறை அழுத்துகிறோம். அனுப்பிய செய்தியைப் படித்தாரா என்று நிமிடத்திற்கொரு முறை திறந்து பார்க்கிறோம். விசாரிப்பதால் காரியம் விரைவதில்லை. மனத்தின் வழிதான் அடைபடுகிறது. மணியார்டர் நாள்கணக்கில் பயணம் செய்த காலத்தில் வாழ்ந்தவர்கள் நம்மைவிட இயல்பாகவே பொறுமைசாலிகள் என்று சொல்வதற்கில்லை. அவர்களது எதிர்பார்ப்பின் அளவு வேறு. பத்து விநாடியில் முடியும் என்று எதிர்பார்ப்பவனுக்கு இருபதாவது விநாடியே அநீதியாகத் தோன்றுகிறது.

பலிக்கும் இடமும் பலிக்காத இடமும்

திருக்குறளில் 'வெகுளாமை' என்றோர் அதிகாரம் உண்டு. சினம் பலிக்கக்கூடிய இடத்தில் அதைக் காத்துக்கொள்பவனே உண்மையில் சினத்தைக் காத்தவன் என்ற கருத்துடன் அது தொடங்குகிறது. கைப்பேசியிடம் நம் சினம் பலிக்காது. எத்தனை வசைபாடினாலும் அது ஒரு விநாடிகூட விரைந்து இயங்காது. பலிக்காத அந்தச் சினம் பலிக்கும் இடத்தைத் தேடிச் செல்கிறது. வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசும் இளம்பெண், மழையில் நனைந்தபடி உணவு கொண்டுவரும் இளைஞர், பாடத்தில் ஐயம் கேட்க வந்த குழந்தை ஆகியோரிடம் அது பலிக்கிறது. அவர்களால் பதில் பேச முடியாது என்பதே அதற்குக் காரணம்.

இவர்கள் எல்லோரையும்விட அதிகமாக அதைத் தாங்குபவர்கள் நம் வீட்டு முதியோர். ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றிதழைக் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அளிக்கும் வசதி 2021இல் வந்தது. வங்கிக்கு அலையத் தேவையில்லை என்ற அளவில் அது பெரும் உதவி. ஆனால் வீட்டில் நடப்பது என்ன? "அசையாதீங்க அப்பா. கண்ணை இமைங்க. போன வருஷமே சொன்னேனே!" தாம் உயிரோடிருப்பதை நிரூபிக்க அமர்ந்திருக்கும் அந்தப் பெரியவரின் நிலையை அப்போது யார் எண்ணிப் பார்க்கிறார்கள்?

இரண்டு முறை கடிந்துகொள்ளப்பட்டவர் மூன்றாம் முறை மகனிடம் கேட்பதில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் அழுத்துகிறார். அல்லது பணம் எடுக்க வந்த இடத்தில் முன்பின் அறியாத ஒருவரிடம் கைப்பேசியையும் இரகசிய எண்ணையும் கொடுத்து உதவி கேட்கிறார். ஏமாற்றுக்காரனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேண்டியதில்லை. வீட்டில் நாம் சிந்தும் ஒரு கடுஞ்சொல், வெளியே அவரது வாழ்நாள் சேமிப்பை இழக்கச் செய்யலாம். அற்பமான தொல்லை என்று நாம் நினைத்தது எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்.

பொறுமை என்பது பணிந்துபோதலா?

அப்படியானால் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டுமா? நிறுவனங்கள் எதைச் செய்தாலும் வாய்மூடி இருப்பதா? இது நியாயமான கேள்வி. சினத்தை விடுவது வேறு, நியாயத்தை விடுவது வேறு.

பேட்டரி நாளடைவில் வலுவிழப்பது இயற்கை. வலுவிழந்த பேட்டரியால் கைப்பேசி திடீரென்று அணைந்துவிடுவதைத் தவிர்க்க, ஆப்பிள் நிறுவனம் 2017இல் ஒரு புதுப்பிப்பின் மூலம் சில பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அது வெளிப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கோரி, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. 2020இல் பிரான்ஸ் நாட்டின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. வாடிக்கையாளருக்கு அதைத் தெரிவிக்கவில்லை என்பதே அங்குக் கூறப்பட்ட குற்றம். செயலுக்குக் காரணம் இருந்தாலும் அதை மறைத்தல் தவறு என்ற பழைய அறம் இங்கும் நிலைநாட்டப்பட்டது.

நம் நாட்டிலேயே இதைவிட உயர்ந்த சான்று உண்டு. அமிலவீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி வங்கிக் கணக்குத் தொடங்கச் சென்றார். கேமரா முன் கண் இமைத்தால்தான் அவர் நேரில் இருப்பதை ஏற்க முடியும் என்றது நடைமுறை. அவரால் இமைக்க இயலாது. அவர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 2025 ஏப்ரல் 30ஆம் நாள் வந்த தீர்ப்பு, டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று கூறியது. கண் இமைக்க இயலாதோருக்கு மாற்றுவழி வேண்டும் என்றும் பணித்தது. கவுன்ட்டரில் இருந்த ஊழியரிடம் கூச்சலிட்டிருந்தால் அன்று ஒருவரின் மனம் புண்பட்டிருக்கும், அவ்வளவே. நிதானத்துடன் நியாயம் கேட்டதால் எண்ணற்றோருக்குக் கதவு திறந்தது.

நாம் செய்யக்கூடியது

பணம் கழிந்தும் கடைக்காரருக்குச் சேராவிட்டால் ஐந்து நாட்களுக்குள் அது திரும்ப வரவேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஈடு தரவேண்டும் என்பது 2019இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. கேட்க வேண்டிய இடத்தில், உரிய முறையில், எழுத்தில் கேட்பது நம் கடமையும்கூட. கேட்கும் இடம் அல்லாத இடத்தில் காட்டும் சினத்தால் எவருக்கும் பயனில்லை.

சக்கரம் சுழலும் அந்தச் சில விநாடிகளில் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தை ஒருமுறை பார்ப்போம். இந்தத் தாமதத்திற்கு இவர் காரணமா என்று நம்மையே கேட்போம். வீட்டு முதியவர் அதே சந்தேகத்தை ஐந்தாம் முறை கேட்டால், முதல் முறை சொன்ன அதே குரலில் ஐந்தாம் முறையும் சொல்வோம். நமக்கு எழுத்தறிவித்த காலத்தில் 'அ' என்ற ஓர் எழுத்தை அவர் எத்தனை முறை எழுதிக் காட்டினார் என்று எண்ணியா சொன்னார்?

கைப்பேசி நாளையும் தடுமாறும். அதை முற்றிலும் தவிர்ப்பது நம் கையில் இல்லை. அந்தத் தடுமாற்றத்திற்கான தண்டனையை அருகில் இருப்பவர் பெறாமல் காப்பது நம் கையில் இருக்கிறது. அதை இன்றே தொடங்குவோம்.