அறிவுப் பொருளுக்கு உடையார் யார்?

தாம் கற்றதைத் தகுதியுடைய மாணாக்கர்க்கு விலையின்றி வழங்குதல் நம் முன்னோர் மரபு. அங்ஙனம் வழங்கப்பட்ட அறிவு உடையாரில்லாப் பொருளாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பது இந்நாட்டு மகளிர் யாவரும் அறிந்தது. அதனையே புதிது கண்டதாகக் கொண்டு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1995-ஆம் ஆண்டிற் காப்புரிமை வழங்கப்பட்டது. பிறநாட்டு மக்களின் கைவழக்கை அந்நாட்டுச் சட்டம் அக்காலத்திற் சான்றாகக் கொண்டிலது; அச்சேறிய எழுத்தையே கொண்டது. ஆதலின், இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தார் நூற்சான்றுகளைத் தேடிக் காட்டவே, 1997-ல் அவ்வுரிமை நீக்கப்பட்டது.

இத்தகைய பிழை மீளவும் நேராதிருத்தற்பொருட்டு 2001-ல் மரபறிவு மின்னூலகம் தொடங்கப்பெற்றது. ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலியவற்றின் மருந்துமுறைகள் ஆங்கிலம் முதலிய ஐந்து பிறநாட்டு மொழிகளிற் பெயர்க்கப்பட்டுக் கணிப்பொறியில் வைக்கப்பட்டன. நெடுங்காலம் அதனைக் காணும் உரிமை காப்புரிமை அலுவலகங்கட்கே இருந்தது. பிறர்க்கும் திறக்க நடுவணரசு இசைந்தது 2022-ல் ஆகும்.

அற்றேல், வழங்கற்குரிய அறிவைப் பூட்டிவைத்தல் உலோபமன்றோ எனின், கூறுதும். வேண்டிவந்தார்க்கு மறுத்தல் உலோபம். கவர வந்தாரைத் தடுத்தல் காவல். கள்வர்க்கென இட்ட பூட்டு மாணாக்கரையும் புறத்தே நிறுத்துமாயின் அதுவும் குற்றமேயாம். இனி, முற்றத் திறந்துவிடினோ, இணையத்தில் இட்டவற்றையெல்லாம் பொறிகளால் வாரி விலைப்பொருளாக்குவார் இக்காலத்துப் பலராவர்.

இவ்விரண்டற்கும் நடுவாய நெறியைக் கோயில் நிலத்தில் வைத்துக் காண்க. அந்நிலம் பூசகருடையதன்று, ஊராருடையதுமன்று, அதுபற்றி எடுத்தார்க்கெல்லாம் உரியதாதலுமில்லை. அதன் விளைவு பூசைக்கும் அன்னதானத்திற்கும் பயன்படும். தன்னதென்று பட்டா எழுதிக்கொள்வானோ சிவன்சொத்தைக் கவர்ந்தவனாவான். மரபறிவும் அத்தகைத்து. அதன் பயனை யாவரும் நுகரலாம். வேலியிட்டுப் பிறரை விலக்கல் ஒருவர்க்கும் ஆகாது.

கொள்வார் செய்யற்பாலது மற்றொன்றும் உண்டு. அது, பெற்ற இடத்தை மறையாது கூறுதல். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெனீவா நகரில் நாடுகள் இயற்றிய உடன்படிக்கை, உயிர்ப்பொருள்களையும் அவைபற்றிய மரபறிவையும் அடிப்படையாகக் கொண்டு காப்புரிமை வேண்டுவார் அவற்றின் பிறப்பிடத்தை உரைத்தல் வேண்டும் என்கின்றது. ஆசிரியன் பெயரை முன்வைத்தே பாடம் சொல்லும் மரபினார்க்கு இது புதிதன்று.

ஆயின், பிறநாட்டாரைக் குறைகூறி அமைதல் போதாது. ஏடு உதவினார் பெயரை மறைத்து நூல் பதிப்பாரும், கேட்ட உரையைத் தம்முரையாக எழுதுவாரும் நம்மவருள் உளராயின், அவர் செய்ததும் அக்களவேயாம். பெற்றதைப் பெற்றதென ஒப்புக்கொள்பவனே வழங்குதற்கும் உரியன்.