நாற்காலியும் பார்வையாளர் வரிசையும்

நியூயார்க் போகிற நம்மவர்கள் பலர் ஐ.நா. தலைமையகத்தையும் ஒரு ரவுண்டு பார்த்துவிட்டு வருகிறார்கள். டிக்கெட் எடுத்தால் கைடு கூட்டிப்போய் பொதுச்சபை மண்டபத்தைக் காட்டுவார். 1966-ல் எம்.எஸ். பாடிய இடமாச்சே என்று நமக்கொரு பெருமையும் உண்டு.

அங்கே 193 நாடுகளுக்கு இடம். 1945-ல் எழுதிய ஐ.நா. சாசனம் மக்களின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. ஆனால், நாற்காலி அரசாங்கங்களுக்கு. மக்களுக்குப் பார்வையாளர் வரிசை!

எல்லோரும் நாற்காலியில் உட்கார முடியுமா என்பீர்கள். நியாயம்தான். அந்தப் பார்வையாளர் வரிசையில், ராமேஸ்வரம் தீவின் அக்காள்மடத்து மீனவர் ஒருவரைக் கற்பனையில் உட்கார வைத்துப் பாருங்கள். 1974-ல் இந்தியாவும் இலங்கையும் அவருடைய கடலில் கோடு போட்டன. கையெழுத்துப் போட்டது அரசுகள்; தாண்டிச் சிக்கினால் சிறைக்குப் போவது மீனவர். சரி, நம் விசைப்படகின் இழுவைமடி அந்தப் பக்கம் போனால்? வலை அறுந்து நிற்பவர் வடக்கு இலங்கையின் தமிழ் மீனவர். அவருக்கும் அந்த மண்டபத்தில் நாற்காலி இல்லை.

இரு கரை மீனவர்களும் 2004-லும் 2010-லும் நேரிலேயே உட்கார்ந்து பேசினார்கள். பிரச்னை தீரவில்லை, வாஸ்தவம். ஆனாலும், எதிராளியின் கஷ்டத்தை அவர் வாயாலேயே கேட்க முடிந்ததே, அது சின்ன விஷயமா?

நமக்காகப் பேச ஒரு பிரதிநிதியை அனுப்பிவிடலாம். நமக்காகக் கேட்க யாரை அனுப்புவது? அதை நாமேதான் செய்தாக வேண்டும்.