ஒரு செக்கன்

மட்டக்களப்புக் கரையிலுள்ள மாங்கேணியில் அக்கா வீட்டு விறாந்தை. மருமகன் கையில் ஒரு நீலப் பலகை, இரண்டு தீப்பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்கென்று பிறந்த ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையின் நகல் அது. உருவாக்கியவர்கள் வரைபடத்தை ஊருக்கே திறந்துவிட்டதால் யாரும் செய்து விற்கலாம். இந்த நகலின் மலிவுக்கு அதுவும் ஒரு காரணம். முதல் அரை நாளை, பலகையைக் கணினியோடு இணைக்கும் வயர் தின்றது. போன் சார்ஜ் பண்ணும் வயர் சிலவற்றில் கரண்ட் மட்டும்தான் போகும், தகவல் போகாது. இதை ஏனோ யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை.

வயரை மாற்றியதும் பலகையிலுள்ள குட்டி விளக்கு மினுங்கியது. உலகெங்கும் முதல் பாடம் இதுதான்: எரி, ஒரு செக்கன் பொறு, நூர், ஒரு செக்கன் பொறு.

பையனுக்குக் குறும்பு. நிரலில் 'பொறு' என்ற இரண்டு வரிகளையும் அழித்துவிட்டுப் பலகையில் மறுபடி ஏற்றினான்.

"மாமா, இது நூருதில்லயே!"

நூரத்தான் செய்தது. செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை நூர்ந்து எரிந்ததால், எங்கள் கண்ணுக்கு மங்கலான ஒரே வெளிச்சமாகத் தெரிந்தது. பலகையிலுள்ள சிப் செக்கனுக்கு 16 மில்லியன் தடவை துடிப்பது. வேகம் அதன் பிறவிக் குணம். பொறுக்கத்தான் நாம் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அந்தப் பொறுமையிலும் ஒரு கோணல். மறுநாள் ஒரு பொத்தானைப் பூட்டி, அமுக்கினால் விளக்கு நூரும்படி எழுதினான். சில தடவை கேட்டது, சில தடவை கேட்கவில்லை. 'பொறு' என்பதற்கு 'டிலே' என்று எழுதினால் பலகை கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு செக்கனை எண்ணும். அந்த நேரத்தில் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால் அதற்குத் தெரியவே தெரியாது.

இந்தக் கரையில் பொறுமைக்குப் பஞ்சமில்லை. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடுவதைக் கேட்க, நிலவு நாளில் தோணியில் போய், துடுப்பை நீரில் விட்டு மறுநுனியில் காதை வைத்திருப்பார்கள். அத்தான் களப்பில் வலை விரித்துவிட்டு இரவு முழுக்க இருப்பார். சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும். ஆனால் காற்று திரும்பினால் அவருக்குத் தெரியும், மிதப்பு அசைந்தால் தெரியும். உறங்கிக்கொண்டு பொறுப்பது ஒன்று, விழித்துக்கொண்டு பொறுப்பது இன்னொன்று.

பலகைக்கும் அந்த இரண்டாவது வகை தெரியும். 'மில்லிஸ்' என்று எழுதினால், எவ்வளவு நேரம் போயிற்று என்று அடிக்கடி பார்த்துக்கொண்டே பொத்தானையும் கவனிக்கும். மருமகன் அன்றிரவே மாற்றி எழுதினான். அமுக்கினான், உடனே நூர்ந்தது. காட்டுவதற்குத் தகப்பனைத் தேடினான். அத்தான் களப்புக்குப் போயிருந்தார்.