பணியிடத்தில் பிராணாயாமம்

யோகத்திற்கு வனமே உரிய இடம், அலுவலகம் அன்று என்று எண்ணுவோர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தைக்காடு அய்யாவு சுவாமிகளை நினைக்க வேண்டும். தமிழரான அவர் பிரிட்டிஷ் ரெசிடென்சியில் பணிபுரிந்துகொண்டே சட்டம்பி சுவாமிகளுக்கும் நாராயண குருவுக்கும் யோகம் கற்பித்தார். 1909-இல் மகாசமாதி அடைந்தார்.

அதே நகரில் 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில் பணியாற்றுவோருக்கும் அவ்வழி திறந்தே உள்ளது. மனம் பதறினால் மூச்சு விரைகிறது. மூச்சு நீண்டு வெளியேறினால் இதயத்துடிப்பு தணிகிறது. மனத்தெளிவுக்கு மூச்சை வெளிவிடுதலையும் நிறுத்துதலையும் கூறுகிறார் பதஞ்சலி. நிறுத்துதலைக் குருவிடமே பயில வேண்டும். வெளிவிடுதலை நாற்காலியிலேயே பழகலாம்: நான்கு எண்ணி உள்ளிழுத்து, ஆறு எண்ணி மெல்ல விடுக. சினத்தோடு எழுதிய மின்னஞ்சலை அனுப்புமுன் இவ்வாறு பத்து முறை சுவாசிப்பவர் தம் ஆற்றலைக் காக்கிறார். சக ஊழியரின் மனத்தையும் காக்கிறார். அப்போது பணியே சாதனையாகிறது.