வேலைக்குச் செல்லும் தாய்மார்களும் நமது பொறுப்பும்

  

சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு பெரியவர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "ஹஜ்ரத், மருமகளுக்கு ஓதிக் கொடுங்க. இப்ப ஆறு மாசம். கம்பெனியில ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டா. யாரு கண்ணு பட்டுச்சோ" என்றார்.

"காலையில என்ன சாப்பிட்டுப் போறா பாய்?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார். டீயும் இரண்டு பொறையும். ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, குமட்டுகிறது என்று அலமாரியிலேயே கிடக்கிறது.

ஓதிக் கொடுத்தேன். ஓதிப் பார்ப்பது மார்க்கத்தில் உள்ளதுதான். கூடவே சொன்னேன்: "நர்ஸம்மாகிட்ட குமட்டலைச் சொல்லி, எப்படிச் சாப்பிடறதுன்னு கேட்கச் சொல்லுங்க. மாத்திரையோட டீ வேணாம், டீ அந்தச் சத்தை உடம்புல சேரவிடாது. நாளைக்கு அவ பஸ் ஏறுறதுக்கு முன்னாடி நாலு இட்லி சாப்பிட்டாளான்னு நீங்களே கேளுங்க."

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தையல் மெஷின் முன்னால் உட்காருபவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் சம்பளத்தில் நம் அடுப்பு எரிகிறது. பெண் வேலைக்குப் போகலாமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே நான் எடுக்கவில்லை. அவள் போய்க்கொண்டிருக்கிறாள். போகிறவளை எப்படி வைத்திருக்கிறோம் என்பதே கேள்வி.

தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமக்கிறாள் என்று அல்லாஹு தஆலா சூரா லுக்மானின் 14ஆம் வசனத்தில் சொல்கிறான். அந்தப் பலவீனத்தை அல்லாஹ்வே ஏற்றுச் சலுகை தந்திருக்கிறான். கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும், தனக்கோ குழந்தைக்கோ கெடுதி வரும் என்று அஞ்சினால், ரமளான் நோன்பை விட அனுமதி உண்டு. நம் ஹனஃபி மத்ஹபில் பின்னர் கழா செய்தால் போதும், ஃபித்யா கிடையாது. ஷாஃபிஈ மத்ஹபில், குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டிருந்தால் கழாவோடு ஃபித்யாவும் உண்டு. அல்லாஹ் ஃபர்ளிலேயே சலுகை தரும்போது, மாமியார் வீட்டில் பாத்திரம் தேய்ப்பதில் சலுகை இல்லையா?

இன்னொரு தவறான எண்ணம். நிஃபாஸுக்கு அதிகபட்சம் 40 நாள் என்பது நம் மத்ஹபில் தொழுகை, நோன்புக்கான சட்டம். 41ஆம் நாள் உடம்பு பழையபடி ஆகிவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை. ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றவளை 41ஆம் நாள் தண்ணீர்க் குடம் தூக்க வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்ததைக் கேளுங்கள். மதீனாவுக்கு ஒரு வணிகக் கூட்டம் வந்து இரவில் தங்கியது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு கலீஃபாவே காவலுக்குப் போனார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. தாயிடம் போய்க் கவனிக்கச் சொன்னார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் போனார்கள். விடியும் நேரத்தில், "ஏன் இந்தப் பிள்ளை தூங்கவே இல்லை?" என்று கடிந்துகொண்டார்கள். எதிரில் நிற்பவர் யாரென்று தெரியாத அந்தப் பெண், பாலை மறக்கடிக்கப் பார்ப்பதாகவும், பால் மறந்த பிள்ளைகளுக்குத்தான் உமர் உதவித்தொகை கொடுக்கிறார் என்றும் சொன்னாள். அன்று ஃபஜ்ரில் அவர்கள் ஓதியது மக்களுக்குப் புரியாத அளவுக்கு அழுகை மிகைத்தது. தொழுகை முடிந்ததும், பிறந்த நாளிலிருந்தே குழந்தைக்கு உதவித்தொகை உண்டு, அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்காதீர்கள் என்று அறிவிக்கச் செய்தார்கள்.

அவளை நல்ல தாயாக இரு என்று உபதேசித்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, சட்டத்தை மாற்றினார்கள்.

நம் நாட்டில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டதிலிருந்து, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு விடுப்பு. பிரசவத்துக்கு முன்பே அதில் 8 வாரம் வரை எடுக்கலாம். அப்படி எடுத்தவளுக்குப் பின்னால் மிஞ்சுவது 18 வாரம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள். நாலு மாதத்தில் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. அங்கேதான் புட்டிப்பால் நுழைகிறது. பாலைப் பிழிந்து சுத்தமான பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் நாலு நாள் வரை கொடுக்கலாம். வெளியே நாலு மணி நேரம்தான், நம் ஊர் வெயிலில் அதுவும் தாங்காது. இதை மருமகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், கேலி செய்யாதீர்கள்.

முதல் வரிசையில் இருக்கும் முதலாளிமார்களே, கோபித்துக்கொள்ள வேண்டாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். தாய் ஒரு நாளில் நாலு முறை போய்ப் பார்த்து வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும். அந்த நேரத்தை அவள் பீஸ் கணக்கில் கழித்தால் அது அவளுடைய ஹக்கு. ஜகாத் கொடுப்பதில் நீங்கள் குறை வைப்பதில்லை. உங்கள் காப்பக அறை பூட்டிக் கிடக்கிறதா, திறந்திருக்கிறதா? இன்று மாலை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கணவன்மார்களே, நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்டபோது, வீட்டாரின் வேலைகளில் உதவியாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்றார்கள். புகாரியில் உள்ளது. இரவில் பிள்ளை அழுதால் நீங்களும் எழுந்திருங்கள். காலையில் அவளுக்கும் ஏழு மணிக்குத்தான் பஸ்.

யா அல்லாஹ்! கருவைச் சுமந்துகொண்டு வேலைக்குப் போகும் எங்கள் பெண்மக்களுக்கு ஆஃபியத்தைக் கொடுப்பாயாக! சுகப் பிரசவத்தை நஸீபாக்குவாயாக! ஆமீன்.