விற்பவர், வாங்குபவர், மூன்றாமவர்

முகப்பூச்சு, ஷாம்பு, டியோடரன்ட் போன்றவற்றின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் பெயர்களில் ஒன்று புரொப்பிலீன் கிளைக்கால். நிறமற்ற திரவம். ஈரப்பசையைப் பிடித்து வைப்பது அதன் முக்கிய வேலை. மருந்துகளிலும் அது சேர்கிறது. இந்தியாவில் அதைத் தயாரிக்கும் முதன்மையான நிறுவனம் வடசென்னையின் மணலி பெட்ரோகெமிக்கல்ஸ். அருகிலுள்ள சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் (சி.பி.சி.எல்.) சுத்திகரிப்பு ஆலையிலிருந்து வரும் புரொப்பிலீன்தான் அதற்கு மூலப்பொருள். இந்தத் தொழிற்சாலைப் பகுதிக்கு வடக்கே, பொன்னேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது மணலி புதுநகர்.

ஒரு குறிப்பிட்ட சீசாவில் உள்ள கிளைக்கால் மணலியில் உருவானதா, கப்பலில் வந்து இறங்கியதா என்பது அதை வாங்குபவருக்குத் தெரியாது. சேர்மானங்களின் பெயரை அச்சிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவை பிறந்த ஊரைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்துதான் ஓர் அறக்கேள்வி எழுகிறது. அழகுப் பொருள் வணிகம் செழிக்கும்போது, அதன் மூலப்பொருள்கள் உருவாகும் ஊர்களுக்கு அந்த வணிகம் கடன்பட்டிருக்கிறதா? பட்டிருக்கிறது என்றால் யார், எவ்வளவு?

வளர்ச்சியைப் பழிப்பது எளிது; அது நியாயமாகாது. முதலீட்டு வங்கியில் உயர் பொறுப்பில் இருந்த ஃபால்குனி நாயர், ஐம்பது வயதை எட்டும் தறுவாயில் அந்த வேலையை விட்டு 2012இல் நைக்கா என்னும் இணைய அழகுப் பொருள் கடையைத் தொடங்கினார். 2021 நவம்பர் 10ஆம் தேதி அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 1,125 ரூபாய்க்கு ஒதுக்கப்பட்ட பங்கின் விலை அன்றே ஏறத்தாழ இரட்டிப்பானது. நிறுவனத்தின் மதிப்பு ஒரு லட்சம் கோடி ரூபாயைக் கடந்தது. ஒரு பெண் நிறுவி வழிநடத்தும் நிறுவனம் இந்த உயரத்தைத் தொட்டது இந்தியத் தொழில் வரலாற்றில் பெரிய நிகழ்வு. போலிச் சரக்கு மலிந்த சந்தையில், பொருளை நேரடியாகக் கொள்முதல் செய்து தன் கிடங்கிலிருந்தே அனுப்பும் முறையால் அது நம்பிக்கை பெற்றது. நுங்கம்பாக்கத்துப் பெண்ணுக்குக் கிடைக்கும் அதே பொருள், அதே விலைக்கு, மணலி புதுநகர்ப் பெண்ணுக்கும் வீடு தேடி வருகிறது. கடைக்காரர் முகம் பார்த்துக் கூச வேண்டியதில்லை. தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்தெடுக்கும் இந்தச் சுதந்திரம் சிறியதல்ல.

பிரிட்டனில் இதே வணிகம் இன்னும் முன்னதாகவே கிளைவிட்டது. 2004இல் தொடங்கிய தி ஹட் குரூப், 2010இல் லுக்ஃபென்டாஸ்டிக் என்னும் அழகுப் பொருள் தளத்தை வாங்கி அதன் மூலம் பெரிதாக வளர்ந்தது. 2020 செப்டம்பரில் லண்டன் பங்குச் சந்தைக்கு வந்தபோது அதன் மதிப்பு சுமார் 540 கோடி பவுண்டு. பிறகு அந்த மதிப்பின் பெரும்பகுதி கரைந்துபோனது. சந்தை மதிப்பு என்பது முதலீட்டாளரின் எதிர்பார்ப்பைச் சொல்லும் எண். ஒரு வணிகம் நல்லதா என்று அளக்க அது உதவாது. அதற்கு வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் நம் மரபில் இருக்கிறது. வணிகருக்குரிய அறத்தை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். பிறருடைய பொருளையும் தம்முடையதைப் போலவே கருதிச் செய்வதே வாணிகம் என்றார். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை போற்றியது. இவை விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே நின்ற காலத்தின் அறம். தராசு இருவருக்கு நடுவே இருந்தது. இன்றைய வணிகத்தில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர் எதையும் விற்கவில்லை, வாங்கவும் இல்லை. ஆனால் அந்த வணிகம் நடப்பதற்கான விலையில் ஒரு பங்கைத் தன் உடம்பாலும் வீட்டாலும் கட்டுகிறார். நடுவுநிலைமை என்பது உண்மையானால் தராசில் அவருக்கும் இடம் வேண்டும்.

மணலி புதுநகரில் வாழ்பவர் அந்த மூன்றாமவர். சென்னைக்குத் துணை நகரமாகப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் இந்த ஊரைத் திட்டமிட்டு மனை பிரித்தது. நடுத்தர வருவாய்க் குடும்பங்களும் தொழிலாளர்களும் சேமிப்பைப் போட்டு வீடு கட்டினார்கள். தெற்கே 1960களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, அதைச் சுற்றி உரத் தொழிற்சாலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள். கிழக்கேயும் வடக்கேயும் அனல் மின் நிலையங்கள். சாலை நெடுகக் கன்டெய்னர் லாரிகள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளை அளந்து மதிப்பெண் இட்டபோது மணலி 76.32 பெற்றது. எழுபதைத் தாண்டினால் அபாயகரமாக மாசுபட்ட பகுதி என்று பொருள். காற்று அசையாத பின்னிரவுகளில் "கேஸ் அடிக்குது" என்று சொல்லிச் சன்னலைச் சாத்துவது இப்பகுதி வீடுகளில் பழகிப்போன செயல். குழந்தைக்கு இருமல் வந்தால் எந்த ஆலையின் வாயிலில் போய்க் கேட்பது என்று தாய்க்குத் தெரியாது.

வெள்ளமும் இந்தக் கணக்கில் சேரும். எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றியிருந்த சதுப்பும் உப்பளமும் தொழிலுக்காக மேடாக்கப்பட்டன. சாம்பல் கழிவு நீர்வழிகளில் படிந்தது. தண்ணீர் பரவி நிற்க இருந்த இடம் குறுகியது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்துவிட்ட உபரிநீர் கொசஸ்தலையாற்றில் பெருகி மணலி புதுநகர்த் தெருக்களில் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சி.பி.சி.எல். பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. அந்த எண்ணெயை வாளியால் அள்ளி எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே மீனவர்கள்.

இத்தனைக்கும் ஒரு முகப்பூச்சு வணிகத்தைப் பொறுப்பாக்குவது சரியா என்று கேட்கலாம். கேட்பவரின் வாதங்களுக்கு வலு உண்டு. மணலியின் எரிவாயுவில் நம் அடுப்பு எரிகிறது. மணலியின் டீசலில் நம் பேருந்து ஓடுகிறது. மணலியின் உரம் வயல்களுக்குப் போகிறது. அழகுப் பொருளுக்குச் செல்வது அங்கு உருவாவதில் மிகச் சிறிய பங்கு. ஆலைகள் வேலை தந்தன, அவற்றை நம்பிக் கடைகளும் பள்ளிகளும் வந்தன. இணையக் கடை எதையும் காய்ச்சவில்லை, விற்பனை மட்டுமே செய்கிறது. வாங்கும் பெண்ணோ பாவம், அவளுக்கு இது எதுவும் தெரியாது.

பங்கு சிறியது என்பது உண்மை. ஆனால் சிறிய பங்கு என்பதால் கடன் சிறியதாகுமே தவிர இல்லாமல் போகாது. ஒவ்வொரு துறையும் தன் பங்கு சிறியது என்று விலகினால் முழுச் சுமையும் ஊரின் தலையில் நிற்கும். இதுவரை நடந்திருப்பது அதுதான். மேலும், அடுப்புக்கும் பயிருக்கும் ஆகும் சுமையைத் தவிர்க்க முடியாதது என்று வாதிடலாம். உதட்டுச்சாயத்துக்கு ஆகும் சுமையை அப்படிச் சொல்வது கடினம். அழகு பேணும் ஆசை இழிவானதல்ல. பூ வைத்துக்கொள்வதும் மஞ்சள் பூசுவதும் வாழ்க்கையை நேசிப்பதன் அடையாளங்கள். அந்த ஆசை வேறொருவரின் மூச்சைச் செலவழித்து நிறைவேற வேண்டியதில்லை என்பதே இங்கே சொல்லப்படுவது.

வேலை கிடைத்தது என்ற வாதமும் அரைகுறையானது. ஊதியம் உழைப்புக்குக் கிடைத்த விலை. ஆலைக்குள் ஒருநாளும் கால் வைக்காத முதியவரும் கைக்குழந்தையும் அதே காற்றை இழுக்கிறார்கள். ஒருவருக்குத் தந்த கூலியை இன்னொருவர் பட்ட துன்பத்துக்கு ஈடாகக் கணக்கில் எழுத முடியாது.

"நாங்கள் விற்கிறோம், தயாரிக்கவில்லை" என்ற பதிலே இன்று முழுமையாகச் செல்லாது. பெரிய இணையக் கடைகள் சொந்தப் பெயரில் பொருள்களைச் செய்வித்து விற்கின்றன. நைக்காவுக்கும் தன் சொந்த வரிசைகள் உண்டு; 2019இல் கத்ரினா கைஃபுடன் சேர்ந்து கே பியூட்டியை அது தொடங்கியது. சேர்மானத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்பவர் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் இடத்திலும் இருக்கிறார். பிறர் பொருளை விற்கும்போதும், பல லட்சம் பேர் வந்துபோகும் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்டால் உற்பத்தியாளரால் அலட்சியம் செய்ய முடியாது. அதிகாரம் எங்கே கூடுகிறதோ அங்கே பொறுப்பும் கூடும்.

மூன்றாமவரின் நலனை இந்தத் தொழில் ஏற்றுக்கொண்டதே இல்லையா? ஏற்றுக்கொண்டிருக்கிறது. அழகுப் பொருள்களைச் சோதிக்க முயல்களின் கண்ணில் ரசாயனம் ஊற்றிய காலம் இருந்தது. 1976இல் அனிதா ராடிக் இங்கிலாந்தின் பிரைட்டனில் தொடங்கிய பாடி ஷாப் அதற்கு எதிராகக் குரல் கொடுத்தது, வாங்குபவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் விலங்குகளிடம் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை முழுமையாகத் தடுத்தது. இந்தியா 2014இல் அந்தச் சோதனையையும் அப்படிச் சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடை செய்தது. இன்று சீசாக்களில் சின்னதாக ஒரு முயல் படம் இருக்கிறது. நுரைக்கும் முகக்கழுவிகளில் இருந்த பிளாஸ்டிக் துகள்கள் கடல் மீன்களுக்குத் தீங்கு செய்வதால் பிரிட்டன் 2018இல் அவற்றைத் தடுத்தது. முயலும் மீனும் சந்தையில் வாங்குபவர்கள் அல்ல. ஆனாலும் அவற்றுக்காக ஒரு தொழில் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. அது நல்ல மாற்றம். மனித இரக்கத்தின் வெற்றி. அப்படியானால் மூலப்பொருள் உருவாகும் ஊரில் ஒரு குழந்தையின் நுரையீரலுக்கு அதே சீசாவில் ஏன் இன்னும் இடமில்லை? இதற்கு நியாயமான பதில் எதுவும் இல்லை. முயலைக் காப்பாற்ற முடிந்தவர்களால் இதுவும் முடியும்.

சட்டமும் பாதி வழி வந்திருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு விதிகளின்படி, பொருள் விற்றுத் தீர்ந்த பிறகு எஞ்சும் உறைக்கும் தயாரித்தவரே பொறுப்பு. பொருளுக்குப் பின்னால் வருவதற்குப் பொறுப்பு உண்டென்றால், முன்னால் நிகழ்ந்ததற்கும் உண்டு. பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம், ஆண்டு விற்பனை 3.6 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் கொள்முதல் சங்கிலியில் கொத்தடிமை இல்லாதிருக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்கிறது. இணைய அழகுக் கடைகளுக்கும் அது பொருந்தும். தொழிலாளிக்காகக் கேட்கும் அந்தக் கேள்வியை ஊருக்காகவும் கேட்கலாம். இந்தியாவில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1000 நிறுவனங்கள் 2022-23 முதல் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி விதித்திருக்கிறது. அந்த அறிக்கையில் சொந்த அலுவலகத்தின் மின்கட்டணத்தைக் காட்டிலும் மூலப்பொருள் ஊர்களின் காற்றும் நீரும் முதன்மையாக எழுதப்பட வேண்டும்.

கடனைப் பகிர்வதில் வரிசை உண்டு. மாசை வெளியிடும் ஆலையும் அதைக் கண்காணிக்க வேண்டிய அரசும் முதல் கடனாளிகள். வணிகத்தின் பொறுப்பைப் பேசுவதால் அவர்களின் பொறுப்பு ஒரு துளியும் குறையாது. அடுத்து, சேர்மானத்தைத் தேர்ந்தெடுத்துப் பெயர் போட்டு விற்று லாபம் பெறும் நிறுவனமும் அதன் பங்குதாரரும். கடைசியில்தான் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு லோஷன் வாங்கும் பெண் வருகிறாள். தகவலும் வலிமையும் குறைந்தவர்மேல் குற்ற உணர்வை ஏற்றிவிட்டு வலிமையுள்ளவரை விட்டுவிடுவது அறமாகாது. அவள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இது எங்கே உருவானது, அந்த ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்பது. முயலுக்காகக் கேட்டவர்களும் அவளைப் போன்ற சாதாரணப் பெண்கள்தாம்.

உடம்பைப் பேணுவோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் இந்த வணிகம் வளர்ந்தது. வாங்கும் உடம்பைப் பேணிவிட்டு, மூலப்பொருள் உருவாகும் ஊரில் மூச்சுத் திணறும் உடம்பைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டால் அந்த வாக்கு பாதியே காப்பாற்றப்பட்டது. மணலி புதுநகர் கேட்பது சலுகையோ நன்கொடையோ அல்ல. தன் பெயரும் கணக்கில் எழுதப்பட வேண்டும் என்கிறது. அதை எழுதிய பிறகும் லாபம் மிஞ்சினால், அந்த வளர்ச்சியை மனதாரப் பாராட்டலாம்.