அழாமல் இருப்பது தைரியமா?

வீட்டில் காரியம் முடிஞ்ச மறுநாளே லேப்டாப்பைத் திறந்து, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்பவர்களை என் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன். அதை மனஉறுதி என்கிறோம். ஆனா துக்கத்தை மட்டும் தனியா பூட்டி வைக்க முடியுமா?

1997-ல் வெளியான ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் ஆய்வில், படம் பார்க்கும்போது உணர்ச்சியை வெளியே காட்டாதீங்கன்னு சிலர்கிட்ட சொன்னாங்க. சோகப் படத்தில் முகம் அடங்கிச்சு, சோகம் குறையல. நகைச்சுவைப் படத்தில் சிரிப்பை அடக்கினவங்களுக்கு ரசிப்பே குறைஞ்சுபோச்சு. துக்கத்தைப் பூட்டினா சந்தோஷமும் உள்ளே மாட்டிக்குதுன்னு எனக்குத் தோணுது.

மீட்டிங்கில் கண்ணீரை அடக்குறது தப்பில்ல நண்பர்களே, சில நேரம் அது கடமை. ஆனா "அப்புறம் பார்த்துக்கலாம்"னு நினைச்சா, அந்த அப்புறம் இன்னிக்கு ராத்திரியாவது வரட்டும். நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க.